தொரை நடந்த பாதை

இல்லை அண்ணாச்சி, பை என் மடியிலேயே இருக்கட்டும். மேலே வைத்தால் யாராவது அதன்மேல் ஒரு மூட்டையைத் தூக்கி வைத்துவிடுவார்கள். உள்ளே விலை உயர்ந்தது ஒன்றும் இல்லை. ஒன்பது பக்கக் காகிதம், ஒரு புத்தகம், அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கு அது கசங்கக் கூடாது.

வக்கீல்தான், சரியாகச் சொல்லிவிட்டீர்கள். கோட்டைப் பார்த்துச் சொன்னீர்கள், இல்லையா? போவது துக்க வீட்டுக்கு. எங்கள் தெருவில் பேச்சிமுத்துப் பெரியப்பா நேற்று மதியம் தவறிவிட்டார். துக்கத்துக்கு யாராவது கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு போவார்களா என்று நினைப்பீர்கள். அப்பாதான் காலையில் போனில் சொன்னார்: "கோட்டைப் போட்டுட்டு வாடே. தொரை தீர்ப்பையும் மறக்காம எடுத்துட்டு வா."

சுடுகாட்டுக்குப் போகிற பாதையில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். பெரியப்பாவைக் குளிப்பாட்டிப் பாடையில் வைத்து, கேட்டுக்கு முன்னால் இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எஸ்.ஐ. வந்திருக்கிறார். பாதை உங்களுடையது என்பதற்குப் பேப்பர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது, எங்கள் வக்கீல் கொண்டு வருகிறான் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வக்கீல் நான்.

நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? அப்படியென்றால் எனக்கு அப்புறம்தான். சொல்கிறேன். உங்களுக்கு எங்கள் ஊர் ஆட்களையும் தெரியாது, கோர்ட்டு ஆட்களையும் தெரியாது. அதுதான் வசதி.

எங்கள் தெருவில் தொரை என்றால் ஒரே ஒரு ஆள்தான். சர் எட்வின் தார்ன்பரி என்று பெயர். வெள்ளைக்கார ஜட்ஜ். எங்கள் ஜில்லாவில் நான்கு வருடம் ஜட்ஜாக இருந்தார். பிறகு சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாகப் போனார், சர் பட்டம் வாங்கினார், சொந்த நாட்டுக்குத் திரும்பிய பிறகும் அங்கே ஒரு பெரிய தீர்ப்பாயத்தில் தலைவராக உட்கார்ந்தார். இதெல்லாம் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. தார்ன்பரி என்ற பெயரும் தெரியாது. ஆனால் வீட்டுக்கு ஒரு துரை இருக்கிறான். துரைராஜ், துரைச்சாமி, சின்னத்துரை. நான் துரைப்பாண்டி.

தெருவில் சொல்கிற கதை இதுதான். தொண்ணூறு வருடத்துக்கு முன்னால், பாதைக்கு இருபுறமும் நிலம் வைத்திருந்தவர் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்துவிட்டார். எங்கள் ஆட்கள் கேஸ் போட்டார்கள். முன்சீப் கோர்ட்டில் ஜெயித்தார்கள். நிலத்துக்காரர் அப்பீலுக்குப் போனார். அப்பீல் தொரையிடம் வந்தது. தொரை காகிதத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. இடத்தையே பார்க்க வந்தார். முள்ளை எடுக்கச் சொன்னார். வண்டியை விட்டு இறங்கி, பாதை முழுவதும் சுடுகாடு வரைக்கும் நடந்தார். எங்கள் தெரு மொத்தமும் அவருக்குப் பின்னால் நடந்தது. நடுவில் ஓர் இடத்தில் நின்று, எங்கள் பெரிய மனிதரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அவர் பெயர் பலவேசம், எங்கள் அப்பாவுக்குத் தாத்தா. அவர் பதில் சொன்னார். தொரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த முள்ளை யாரும் திரும்ப வைக்கவில்லை.

அந்த இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறோம். வருடா வருடம் மாசியில் பேச்சிமுத்துப் பெரியப்பாதான் அதற்குச் சுண்ணாம்பு அடிப்பார். யாரும் அவரைச் செய்யச் சொன்னதில்லை.

எங்கள் தெருவில் பட்டம் வாங்கியது நான்தான் முதல். சட்டம் படிக்கப் போகிறேன் என்றதும், தொரை படிப்பு படிக்கப் போறான் என்றார்கள். சிரிக்காதீர்கள். எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. படித்து முடித்து ஆறு மாதம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். பெயரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பார்கள், பிறகு சொல்லி அனுப்புகிறேன் என்பார்கள். தாணு சார் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "அந்தச் சேரை இழுத்துப் போட்டு உக்காருப்பா" என்றார். சிதம்பரதாணு சார். எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் பெரிய ஆள். அந்தச் சேர் இன்றைக்கும் எனக்குத்தான். வேறு ஜூனியர் உட்கார்ந்தால், அது துரையோடது என்று எழுப்பிவிடுவார். அதை நான் மறக்க முடியாது.

சங்கத்துக்கு இந்த வருடம் நூறாவது ஆண்டு. மலர் போட முடிவு செய்தார்கள். மலர்க் குழுவுக்குத் தாணு சார் தலைவர். சங்க நூலகத்தில் தார்ன்பரியின் படம் தொங்குகிறது. வெள்ளை விக், சிவப்பு அங்கி, ஒடுங்கின முகம். அவரைப் பற்றி ஆறு பக்கம் எழுத வேண்டும். யார் எழுதுகிறீர்கள் என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். சும்மா இருந்திருக்கலாம்.

எனக்கு ஒரு வேலையைக் கொடுத்தால் பயம். தப்பாகிவிடுமோ என்று ஒவ்வொன்றையும் மூன்று முறை பார்ப்பேன். தேதி, பெயர், பக்க எண். எங்கள் வீட்டில் யாரும் இதற்கு முன்னால் எழுதினது இல்லை, பாருங்கள். தப்பு விட்டால், இவன் அப்படித்தான் எழுதுவான் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் நூலகம், ஆவணக் காப்பகம் என்று இரண்டு மாதம் அலைந்தேன். தார்ன்பரி குதிரைச் சேணம் தைக்கிறவரின் மகன். அவர் குடும்பத்திலும் அவர்தான் முதல் பட்டதாரி. அதைப் படித்த அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. சந்தோஷத்தில்தான். சப்-கலெக்டராக வந்தவரை, முடிவெடுக்க ரொம்ப நேரம் ஆக்குகிறார் என்று ஜட்ஜ் வேலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு காகிதத்தையும் மூன்று தடவை படிப்பாராம். கூட வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் அவரைக் கிண்டல் செய்து எழுதிய கடிதம்கூடக் கிடைத்தது. ஹைகோர்ட்டில் பதினொரு வருடம். தூக்குத் தண்டனை அப்பீல் வந்தால் இரண்டு நாள் யாரையும் பார்க்க மாட்டாராம்.

அவருடைய பேத்தி ஒருவர் அங்கே இருக்கிறார். எண்பது வயது. இமெயில் அனுப்பினேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை. நான்கு பக்கம் எழுதியிருந்தார். அதில் ஒரு விஷயம் சொல்கிறேன், கேளுங்கள். அவர்கள் நாட்டில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். நம் நிலத்தின் வழியாக ஊர் ஆட்கள் நடந்துகொண்டே இருந்தால் அது ஊர்ப் பாதையாகிவிடும். அப்படி ஆகாமல் இருக்க, நிலத்துக்காரர்கள் வருடத்தில் ஒரே ஒரு நாள் கேட்டைப் பூட்டி வைப்பார்கள். இது என் இடம், நான் விட்டுத்தான் நீ போகிறாய் என்று காட்டுவதற்கு. தார்ன்பரி ஓய்வு பெற்று வாங்கின வீட்டுத் தோட்டத்தின் வழியாகத்தான் ஊர் ஆட்கள் சர்ச்சுக்குப் போவார்களாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒருநாளாவது பூட்டி வையுங்கள், நீங்களே ஜட்ஜ், உங்களுக்குத் தெரியாதா என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் சாகிற வரைக்கும் பூட்டவில்லை. ஏன் என்று எங்கள் யாருக்கும் தெரியாது என்று அந்த அம்மா எழுதியிருந்தார்.

எனக்கும் அப்போது தெரியவில்லை. அடுத்த வாரம் தெரிந்தது.

கோர்ட்டில் பழைய கேஸ் கட்டுகளைக் கழித்துவிடுவார்கள். தீர்ப்பையும் அதன் உத்தரவையும் மட்டும் வைத்திருப்பார்கள். பாதை வழக்கின் தீர்ப்பு கிடைத்தால் மலரில் ஒரு பக்கம் அப்படியே படமாகப் போடலாம் என்று ஆசைப்பட்டு, என் பெயரில் நகல் மனு போட்டேன். ரெக்கார்டு ரூமில் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். முத்திரை வைத்த நகல். இந்தப் பையில் இருக்கிற ஒன்பது பக்கம் அதுதான்.

அப்பீல் அனுமதிக்கப்படுகிறது. வழக்கு தள்ளுபடி செய்யப்படுகிறது.

ஆமாம் அண்ணாச்சி. எங்களுக்கு எதிராக. தொரை எங்களுக்கு எதிராகத்தான் தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

நானும் மூன்று தடவை படித்தேன். ஒருவர் நிலத்தில் நடக்க உரிமை வேண்டும் என்றால் இருபது வருடம் தடையில்லாமல் நடந்திருக்க வேண்டும். அது சட்டம். ஓடை உடைத்துப் பழைய பாதையை அடித்துக்கொண்டு போன பிறகுதான் எங்கள் ஆட்கள் இந்தப் பாதையில் நடக்க ஆரம்பித்திருக்கிறார்கள். மற்றச் சாட்சிகள் எல்லோரும் முப்பது வருடம், நாற்பது வருடம் என்று சொல்லியிருக்கிறார்கள். பலவேசம் தாத்தா மட்டும் பதினாறு வருடம் என்று சொல்லியிருக்கிறார். முன்சீப் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். தார்ன்பரி விடவில்லை. மூன்று தடவை படிக்கிறவர் இல்லையா?

அந்தக் கல் இருக்கிற இடத்தில் அவர் கேட்டது அதைத்தான். தீர்ப்பில் எழுதியிருக்கிறார், எனக்கு மனப்பாடம். "மொழிபெயர்ப்பாளர் மூலம் அவரிடம் மறுபடியும் கேட்டேன். யோசித்துச் சொல்ல நேரம் கொடுத்தேன். அவருடைய ஆட்கள் எல்லோரும் சூழ்ந்து நின்றார்கள். அவர் பதினாறு என்றார். இந்த ஜில்லாவில் இவரைப்போல் உண்மை பேசிய சாட்சியை நான் கேட்டதில்லை. அந்த உண்மையை வைத்தே இவர்களுக்கு எதிராக நான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது."

பிறகு எப்படி நடந்தார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? அதையும் பார்த்தேன். தீர்ப்பு வந்தது ஆறு மாதம் கழித்து, இங்கிலீஷில். நிலத்துக்காரர் அதற்குள் கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போய்விட்டார், நிலத்தை விற்றுவிட்டார். வாங்கினவருக்குக் கேஸ் இருந்தது தெரியும், முடிவு தெரியாது. வெள்ளைக்கார ஜட்ஜே நடந்த பாதை என்று ஊர் முழுக்கச் சொன்னால் யார் அடைப்பார்கள்? தொரை நடந்ததையே எங்கள் ஆட்கள் தீர்ப்பு என்று நினைத்துவிட்டார்கள். பிறகு நிலம் கைமாறின பத்திரத்திலேயே பாதை என்று எழுதிவிட்டார்கள். எல்லோரும் நம்பினார்கள். தொண்ணூறு வருடம்.

பலவேசம் தாத்தாவுக்குத் தெரிந்திருக்குமா என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா போன் செய்தார். தீர்ப்பு கிடைச்சுதா என்றார். கிடைத்தது என்றேன். அது உண்மைதானே? அதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் போனை வைத்துவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால், மாசி வருவதற்கு நான்கு மாதம் இருக்கும்போதே பேச்சிமுத்துப் பெரியப்பா கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறார். என்னைக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, "படிடே, தொரை சொன்னதைக் காதால கேக்கணும்" என்றார். இங்கிலீஷ் பெரியப்பா, புரியாது என்றேன். "சத்தமாப் படி" என்றார்.

படித்தேன். ஒன்பது பக்கத்தையும். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தலை குனிந்து கேட்டார். பலவேசம் என்ற பெயர் வருகிற இடத்தில் மட்டும் நிமிர்ந்தார். முடித்ததும், "நல்லா இருக்குடே" என்றார்.

என்ன சொல்லியிருக்கிறார் என்று சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். பாதை முழுவதும் நடந்தேன் என்று எழுதியிருக்கிறார், தாத்தாவைப்போல் உண்மை பேசுகிறவரைப் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். இரண்டும் அதில் இருக்கிறது. நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

மீதியைச் சொல்லி அவர்களை ஏன் கலங்கடிக்க வேண்டும்? யாரும் பாதையை அடைக்கவில்லையே அப்போது.

ஆனால் ஒருவரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருக்க என்னால் முடியாது. அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. திங்கட்கிழமை தாணு சாரிடம் சொன்னேன். மலரில் எழுதப்போகிறேன், உண்மை என்ன என்று குழுத் தலைவருக்குத் தெரிய வேண்டாமா? சார் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எந்தச் சர்வே நம்பர், இப்போது நிலம் யார் பெயரில் இருக்கிறது, எல்லாம் கேட்டார். லாரி செட் முதலாளி ஒருவர் இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கியிருக்கிறார் என்றேன். சார் தீர்ப்பை ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னார். ஒவ்வொரு பக்கமும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன்.

இங்கிலாந்தில் கேட் பூட்டுகிற கதையையும் சொன்னேன். சார் ரொம்ப ரசித்தார். "நம்ம சட்டத்துல ஒரு நாள் போதாதுப்பா. பூட்டி, ஒரு வருஷம் எதிராளி வாயைத் திறக்காம இருக்கணும்" என்றார். பிறகு, தள்ளுபடியான பிறகு நடந்தது உரிமையில் நடந்தது ஆகாது, நிலத்துக்காரன் சும்மா விட்டதால் நடந்தது என்று ஆகிவிடும், இல்லையா என்று என்னிடமே கேட்டார். அப்படியும் வாதம் பண்ணலாம் சார் என்றேன். எப்படி வாதம் பண்ணலாம் என்று இரண்டு தீர்ப்புகூட எடுத்துக் கொடுத்தேன். ஒரு சீனியர் நம்மிடம் சட்டம் கேட்கிறார் என்றால் சின்ன விஷயமா?

மலரில் நான் எழுதிய வாக்கியம் இது: "பாதை வழக்கொன்றில், வழக்குக்குரிய பாதை முழுவதையும் தாமே நடந்து பார்த்தபின் தீர்ப்பு வழங்கியவர்." ஒரு வாரம் யோசித்து எழுதினேன். தப்புச் சொல்ல முடியாது. போன மாதம் மலர் வெளியீடு. அப்பா அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து வீட்டில் மாட்டியிருக்கிறார்.

கேட் போட்டது அதற்கு அடுத்த வாரம். முதலில் திறந்துதான் கிடந்தது. முந்தாநாள் பூட்டு விழுந்தது. நேற்றுப் பெரியப்பா போய்விட்டார்.

லாரி செட் முதலாளி எங்கள் ஆபீஸுக்கு இரண்டு தடவை வந்து பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கார். அவர் லாரி எங்கோ மோதி விபத்துக் கேஸ் இருக்கிறது, அதற்கு வந்திருப்பார். நான் உள்ளே போனபோது பேச்சை நிறுத்தினார்கள். கட்சிக்காரர் பேசும்போது நிறுத்துவது வழக்கம்தான். நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள் அண்ணாச்சி. தாணு சார் அப்படிப்பட்டவர் இல்லை. எனக்குச் சேர் போட்டவர். இன்று காலையில் போனில் லீவு கேட்டபோதுகூட என்ன ஏது என்று கேட்கவில்லை. "போயிட்டு வா. நானும் இன்னிக்குக் கோர்ட்டுக்கு வரல" என்றார். நகலைக் கையில் எடுத்துக்கொண்டுதானே போகிறாய் என்று மட்டும் கேட்டார். அக்கறைதான்.

தொண்ணூறு வருடம் நடந்ததை வைத்து இப்போது புதிதாகக் கேஸ் போட்டால் நாங்கள் ஜெயிக்கலாம். அதையும் படித்துவிட்டேன். முதல் கோர்ட்டு, அப்பீல் என்று எட்டு வருடம், பத்து வருடம் ஆகும். பாடை நேற்றிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறது.

எஸ்.ஐ. தீர்ப்பு எங்கே என்று கேட்பார். நான் பையில் இருக்கிற புத்தகத்தை, அந்த மலரை, எடுத்துக் கொடுக்கலாம். படத்தோடு அச்சடித்திருக்கிறது, அவரும் மனிதர்தான், இன்றைக்கு ஒருநாள் திறக்கச் சொல்லிவிடுவார். அதில் பொய் இல்லை. ஆனால் அவர் கெட்டிக்காரராக இருந்து, தம்பி, தீர்ப்பு உங்களுக்குச் சாதகமா, ஆமாவா இல்லையா என்று கேட்டுவிட்டால்? அவ்வளவு பேரும் சூழ்ந்து நிற்பார்கள். பலவேசம் தாத்தாவுக்குத் தொரை யோசிக்க நேரம் கொடுத்தார். எனக்கு எவ்வளவு நேரம் கொடுப்பார்கள் என்று தெரியவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள்.

இங்கேதான். அதோ, இரட்டைப் பனைக்குப் பக்கத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த கேட் தெரிகிறதா? வெளியே ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. முன் சீட்டில் யாரோ இருக்கிறார்கள், கண்ணாடியை ஏற்றியிருக்கிறார்கள். வெள்ளைக் கார் யாரிடம்தான் இல்லை?

கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. அந்த வெள்ளைத் துண்டுதான் எங்கள் அப்பா. பஸ்ஸைப் பார்த்துவிட்டார். என் கோட்டு ஜன்னலில் தெரிந்துவிட்டது போல. பாருங்கள், பாடையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்.